மருந்தகம் மொட்டை மாடியில் இல்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தூங்குவதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. இதோடு ஒரு தாள் வருகிறது, அதற்குத் துணையாக இது. தாளை அப்புறம் பார். முதலில் நான் சொல்வதைக் கேள்.

உன் கடைசி வருடப் படிப்புக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு நீ செய்து அனுப்பிய வழிகாட்டிப் பலகைகளை முதல் தடவை மாட்டிய அன்று நடந்ததை நான் முழுசாகச் சொல்லவில்லை. பிள்ளை மனசு நோகும் என்று பாதியை விழுங்கிவிட்டேன். "மருந்தகம்" என்று எழுதி, நேரே போகச் சொல்லி மேல்நோக்கி ஓர் அம்பு போட்டிருந்தாய் அல்லவா? பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறிவிட்டார்கள். ஒருவர் மொட்டை மாடி வரைக்கும் போய், அங்கே போர்வை உலர்த்திக்கொண்டிருந்த ஆயாவிடம் இருமல் மருந்து கேட்டிருக்கிறார். மூச்சு வாங்க இறங்கி வந்தவர், "ஏம்மா, மருந்துக் கடைய ஆகாசத்துலயா வெச்சிருக்கீங்க?" என்று விசாரணை மேசையில் இருந்த என்னைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்பு போட்டது என் மகன் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஜனங்கள் படியேறுகிறார்கள் என்று மட்டும் அன்று உன்னிடம் சொன்னேன். "நீ எப்படிம்மா வழி சொல்லுவே?" என்று கேட்டாய். வாயால்தான் சொல்வேன் என்றேன். அப்புறம் யோசித்து, "நேரா போங்க, தண்ணிக் குழாய் தாண்டினா மருந்தகம்" என்று சொல்லிக் காட்டினேன். போனில் நீ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

புதுப் பலகைகளைப் போன வாரம் மாட்டினார்கள். அம்பைக் காணோம். என் வார்த்தைகள் பெரிய எழுத்தில் இருந்தன. பக்கத்தில் விரல்களைச் சேர்த்து நீட்டிய ஒரு கை. சுண்டுவிரல் மட்டும் லேசாக வளைந்திருந்தது. நர்ஸம்மா பலகையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். கதவிடுக்கில் மாட்டி வளைந்த விரலைக்கூடவா விடமாட்டாய்?

உன்னைப் பாதித்தவர் யார் என்று கல்லூரியில் கட்டுரை கேட்டபோது, மற்ற பிள்ளைகள் பெரிய பெரிய வடிவமைப்பாளர்களை எழுத, நீ "எங்கம்மாவின் வலது கை" என்று எழுதினாயாமே. அப்போது, இடது கை என்ன பாவம் செய்தது என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நான் வழி காட்டுகிற கையைத்தான் நீ சொல்லியிருக்கிறாய் என்று அந்தப் பலகைக்குக் கீழே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது. ஆனந்தத்தில்தான்.

என்னிடம் வழி கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோடு போட்டு வைக்கும்படி பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். முன்பெல்லாம் ஒரு காலைப்பொழுதில் நூற்று நாற்பது பேர் கேட்பார்கள். இந்தத் திங்கட்கிழமை பதினொரு பேர். அதில் ஆறு பேர் கேட்டது கழிப்பறை எங்கே என்று. எழுத்துரு, வண்ணம் என்று அவ்வளவு பேசுகிறவன் மனுஷனுடைய அவசரத்தை மறந்துவிட்டாயே! அதற்கும் ஒரு பலகை செய்து அனுப்பு.

செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் கோடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமே உங்களுக்கு என்னம்மா வேலை?" என்றார். காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றேன். பலகைகள் நிரந்தரமாக இருக்கட்டும், புதுக் கட்டடத்துக்கும் இந்தப் பையனே செய்யட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுதான் இந்தத் தாள். நிஜமான இடத்தில் நிற்கிற வேலை ஒன்றைக் காட்டினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன அந்த வடிவமைப்பு நிறுவனம் இனிமேல் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. மூன்று நாளாக இந்தத் தாள் என் மேசை டிராயரில்தான் கிடந்தது. இது கைக்கு வந்தால் நீ அந்த ஊரிலேயே தங்கிவிடுவாய், வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று ஓர் அற்ப ஆசை. அம்மா புத்தி, மன்னித்துக்கொள்.

இன்று காலை ஒரு பெண் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். நான் பாதி எழுந்து கையைத் தூக்கினேன். அவள் பலகையைப் பார்த்தாள், நேரே குழந்தைகள் பிரிவுக்கு ஓடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. தூக்கிய கையோடு அப்படியே நின்றேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! உடனே டிராயரைத் திறந்துவிட்டேன்.

வேலையில் சேர், ராஜா. நன்றாக இரு. நீ செய்யும் எந்தப் பலகையும் இனி ஒருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பாமல் இருக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே இப்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. சட்டையில் பட்ட மையை எப்படி எடுப்பது, சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நீயாவது போன் செய்து கேள். தெரிந்திருந்தாலும் கேள்.

இப்படிக்கு,
வலது கையும் இடது கையும் சேர்த்து ஆசீர்வதிக்கும்
உன் அம்மா