டம்ளருக்குள் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி தேவலையா? என் போன் தண்ணியில விழுந்து உயிரை விட்டுடுச்சு, படமெல்லாம் போச்சு. அதான் கடிதம், பதறாதே.

தாள்ல முகத்தைக் கோணல்மாணலா இழுத்து வரைஞ்சு, பளபளக்குற உருளை ஒண்ணை அதுமேல நிறுத்தினா, உருளையில முகம் நேராத் தெரியும். அதுதான் இப்போ எங்க ஓவிய வகுப்புல பாடம். நான் உன் முகத்தை வரைஞ்சு, வேண்டாம்னு சொல்லியும் நீ பெட்டியில திணிச்ச எவர்சில்வர் டம்ளரைத்தான் நிறுத்தினேன். தாள்ல பூசணிக்காய் மாதிரி உப்பிக் கிடந்த நீ, டம்ளர்ல அச்சு அசலா வந்து நின்னே.

"மச்சம் சரியான கன்னத்துலதான் இருக்கா? பிம்பத்துல இடம் வலமா மாறிடுமே"ன்னு ஆசிரியை கேட்டாங்க. சரிதான்னு அடிச்சுச் சொன்னேன். அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. தினமும் காலையில நீ பின்னால நின்னு எனக்குத் தலை பின்னுவே, நான் கண்ணாடியில உன்னையே பார்த்துக்கிட்டு இருப்பேன். என் மனசுல பதிஞ்ச முகமே அதுதான்.

மாசக் கடைசியில படத்துக்கு மார்க். தபால்ல ஒரு போட்டோ அனுப்பு, கண்ணாடி முன்னால நின்னு எடுக்காம.

வகுப்புக்கு நேரமாச்சு. இன்னொண்ணு, முடியைத் தோளோட வெட்டிட்டேன், திட்டாதே. தனியாப் பின்னிக்க வரலை.

உன் சின்னவள்