ஒன்றுகூடச் சாகாத மீன்கள்

மார்ச் 11, செவ்வாய்

பால்காரர் இன்றும் தண்ணீர் கலந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் லியோ இல்லவே இல்லை என்கிறார். அவரும் பால்காரரும் ஒரே பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள், அதனால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

முத்துப்பேட்டையிலிருந்து என் ஆராய்ச்சி மாணவன் ராஜ்குமார் எண்ணிக்கை சொன்னான். ஆறு வலைக்கூண்டு, கூண்டுக்கு நாற்பது பால்கெண்டைக் குஞ்சு. விட்டு மூன்று வாரமாகிறது. எல்லாக் கூண்டிலும் நாற்பது நாற்பதாக இருக்கிறதாம். கல்லூரியில் துறைத்தலைவர் சந்தோஷப்பட்டார். நானும் பட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டைக்குப் போய் வந்தேன். உடம்பெல்லாம் வலி.

எங்கள் கூண்டுகள் இருக்கும் ஐயாவுவின் குளம் முன்பு நெல்வயல். பிறகு யாரோ குத்தகைக்கு எடுத்து இறால் வளர்த்தார். இறாலுக்கு நோய் வந்ததும் அவர் போய்விட்டார், உப்பு மட்டும் தங்கிவிட்டது. இனி அதில் நெல் வராது. கோரையாற்றின் கடைமடையில் இப்படிக் கைவிட்ட குளங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பால்கெண்டை பாசியைத் தின்றே வளரும், தீவனம் வாங்கிப் போட வேண்டாம், தண்ணீரும் கெடாது. கோடையில் அந்தச் சூட்டுத் தண்ணீரில் எத்தனை பிழைக்கும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அதைத் தவிர வேறு கேள்வியே இல்லை.

குளத்துக்காரர்கள் சங்கத்தின் தலைவர் இளையபெருமாள் கரையிலேயே காத்திருந்தார். ஜூனில் கூட்டம் வைத்திருக்கிறாராம், அதற்குள் குளங்களில் குஞ்சு விடலாமா கூடாதா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். பலர் நகையை வைத்துக் குஞ்சு வாங்கத் தயாராக இருக்கிறார்கள். நான் சொல்வதை அப்படியே நம்புவார்கள் போலிருக்கிறது. இப்படி நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஐயாவுவிடமும் அவர் மனைவி கலைமகளிடமும் மறுபடி சொன்னேன்: ராஜ்குமாரையும் என்னையும் தவிர யாரும் கூண்டைத் தொடக் கூடாது. கூண்டில் விட்டதுபோக மிஞ்சிய குஞ்சுகளைக் குளத்தின் மறுபாதியில் விட்டிருக்கிறோம், அவை அவர்களுக்கு. கலைமகள் எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா" என்றார். டீ நன்றாக இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

நாற்பது. ஆறு கூண்டிலும்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. குளத்தில் கை வைத்தால் குளிக்கக் காய்ச்சிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஒன்றுகூடச் சாகவில்லை என்கிறான். கல்லூரியில் கண்ணாடித் தொட்டியில், நாளெல்லாம் காற்று ஊதி, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டும் நான் பத்தில் ஒன்றைப் பறிகொடுத்தவள். சாகாத மீன் எந்த ஊரில் இருக்கிறது?

ஏப்ரல் 5, சனி

ராஜ்குமார் நார்வேயில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். இந்த ஆராய்ச்சி நன்றாக வந்தால் அவனுக்கு அங்கே இடம் உறுதி. அவன் முத்துப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், வாராவாரம் எண்ணுகிறவன் அவன் ஒருவன்தான். நான் போகும் நாள் எதுவென்று முன்கூட்டியே அவனுக்குத் தெரியும்.

இந்தச் சந்தேகத்தையும் பால்காரர் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? லியோவிடம் சொன்னேன். "எல்சி, நீ எடை மிஷின்ல ஏறினாக்கூட அது பொய் சொல்லுதும்ப" என்றார். அது பொய்தான் சொல்கிறது.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

கோயிலில் இயேசுவின் பாடுகளின் வாசகம். யூதாஸ் வரும் இடத்தில் ராஜ்குமாரின் முகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். ராஜ்குமாரைக் கயிறு வாங்கிவரக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாம் கூண்டில் இருந்த மீன் அத்தனைக்கும் இடது வயிற்றுத் துடுப்பை அடியோடு கத்தரித்தேன். சின்னத் துடுப்பு, வலிக்காது, நீந்துவதற்கும் இடைஞ்சல் இல்லை. எடுத்துச் சொல்லாமல் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஐயாவு சந்தைக்குப் போயிருந்தார். கலைமகள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார்.

ராஜ்குமார் கயிறோடு இளநீரும் வாங்கி வந்தான். என்னுடையதைக் குடிக்காமல் கரையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மே 8, வியாழன்

மூன்றாம் கூண்டில் நாற்பது மீன் இருந்தன. எண்ணியவள் நான்.

அதில் ஒன்பது மீன்களுக்கு இடது துடுப்பு முழுசாக இருந்தது. அடியோடு வெட்டியது இரண்டு வாரத்தில் முளைக்காது. அந்த ஒன்பதும் வெளியிலிருந்து வந்தவை. செத்தவற்றை எடுத்துவிட்டு உயிருள்ளவற்றை உள்ளே விட்டிருக்கிறார்கள். நான் நினைத்தது சரி! சரியாகப் போனதில் ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. என்ன மனசு இது?

மே 9, வெள்ளி

கரையில் வைத்துக் கேட்டேன். கத்தவில்லை. துடுப்பைக் காட்டினேன், கேட்டேன்.

அவன் மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியாது என்றான். வேறு யார் என்றேன். தெரியாது என்றான். நார்வே விஷயத்தை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாதோ? அதற்குப் பிறகுதான் அவன் முகம் மாறியது.

"மேடம், நான் எண்ணினத மட்டுந்தான் சொன்னேன். நாப்பது இருந்துச்சு, நாப்பதுன்னு சொன்னேன். நீங்க என்னைத் திருடன்னு முடிவு பண்ணிட்டு எண்ண வந்திருக்கீங்க."

அறைச் சாவியை என் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கம் கலைமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழும் தூரமில்லை.

குற்றமில்லாதவன் ஏன் சாவியைக் கொடுக்கிறான்?

மே 12, திங்கள்

நார்வேயிலிருந்து மின்னஞ்சல். ராஜ்குமார் எப்படிப்பட்டவர், அவர் தரும் தகவல்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் பதில் வேண்டுமாம்.

மே 16, வெள்ளி

பதில் போடவில்லை. நல்லவிதமாக எழுத மனசு வரவில்லை, கெட்டவிதமாக எழுதவும் வரவில்லை. வாரம் முடிந்தது.

மே 22, வியாழன்

நான் மட்டும் போனேன். மூன்றாம் கூண்டை முதலில் தூக்கினேன். நாற்பது! வெட்டுப்படாத மீன்கள் இப்போது பதினாறு.

ராஜ்குமார் போய் இரண்டு வாரம் ஆகிறது. அறை பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம். அப்படியென்றால் அவன் பைக்கில் வந்து போகிறான். தன்மேல் பழி இல்லை என்று காட்டுவதற்காகவே வந்து மாற்றுகிறான். இப்படியெல்லாம் யோசித்துவிட்டு ஐயாவுவிடம் கேட்டேன், அந்தத் தம்பி இந்தப் பக்கம் வந்தானா என்று. வரவில்லை என்றார். பாவம், நல்ல பிள்ளை, ஏன் போய்விட்டான் என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஐயாவு அவனுக்காக மறைக்கிறார் என்று தோன்றியது. திரும்பி வரும்போது பஸ்ஸில், ஐயாவுவுக்கு அவன் என்ன செய்து கொடுத்திருப்பான் என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்தேன்.

துறைத்தலைவர் போன் செய்தார். கூட்டத்தில் நல்ல செய்தி சொல்லத் தயாராகச் சொன்னார். இவருக்கும் இதில் பங்கு இருக்குமோ?

மே 31, சனி

யாருக்கும் சொல்லாமல் போனேன். கரை திரும்பும் இடத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்தேன்.

நல்ல உச்சிவெயில். கலைமகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் சின்னக் கரண்டிவலை. பக்கத்தில் பிளாஸ்டிக் குடம் மிதந்தது. இரண்டாம் கூண்டில் மிதந்த செத்த மீனை வலையால் அள்ளிக் கரையில் போட்டார். குடத்திலிருந்து ஒரு மீனைக் கையில் ஏந்தி, கூண்டுக்குள் மெல்ல விட்டார். அடுத்த கூண்டுக்குப் போனார். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்கம்மா, சொல்லவே இல்லையே" என்றார்.

என்னக்கா செய்றீங்க என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"செத்த எடத்துக்கு வுடுறேங்கம்மா. நட்ட வயல்ல நாலு பயிரு செத்துப்போனா அந்த எடத்த சும்மாவா போடுவாங்க? மிச்ச நாத்த எடுத்து ஊணிட மாட்டாங்களா? நீங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றீங்க, வந்து பாத்தா பொக்கையா இருக்கக் கூடாதுல்ல."

கூண்டைத் தொடக் கூடாது என்று சொன்னேனே என்றேன். தொடவில்லையே, மேலாகத்தானே விட்டேன் என்றார். நிஜமாகவே தொடவில்லை. ஐயாவுவுக்குத் தெரியுமா என்றேன். இதிலென்ன அவரிடம் சொல்ல இருக்கிறது, வயலில் இது எப்போதும் பெண்களின் வேலைதானே என்றார். தங்களுக்குக் கொடுத்த மீனிலிருந்துதான் எடுத்து விட்டிருக்கிறார். தன் பங்கைக் குறைத்துக்கொண்டு என் கூண்டை நிரப்பியிருக்கிறார். செத்தவற்றைத் தென்னைமரத்தடியில் புதைத்தாராம். ராஜ்குமார் எண்ண வரும் நாளுக்கு முன்னால் எப்போதும் செய்துவிடுவாராம், அந்தப் பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாது என்று.

எத்தனை செத்திருக்கும் என்றேன். யோசித்துப் பார்த்தார். "வெயிலு ஏறினதுலேர்ந்து தெனமும் கெடைக்குதுங்கம்மா. எண்ணலையே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.

இல்லக்கா, நான்தான் எதுக்குன்னு சொல்லாம வெறுமனே தொடாதீங்கன்னு சொன்னேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எத்தனை சாகிறது என்று தெரிந்துகொள்ளவே இவ்வளவும் என்று உட்கார்ந்து சொன்னேன். சாகிறதை எண்ணவா இவ்வளவு செலவு என்றார். பிறகு குடத்தில் மிஞ்சிய மீன்களைக் குளத்தின் மறுபாதியில் கொட்டிவிட்டு வந்தார்.

ஜூன் 1, ஞாயிறு

ராஜ்குமார் போனை எடுக்கவில்லை. ஐந்து முறை கூப்பிட்டேன். நார்வேக்கு எழுதினேன், அவன் சொன்னது அத்தனையும் உண்மை, தவறு என்னுடையது என்று. நேர்மையானவன் என்ற வார்த்தையையும் சேர்த்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

நார்வேயிலிருந்து பதில். நன்றி சொல்லியிருக்கிறார்கள். இந்த ஆண்டு இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

கூட்டம். குஞ்சு விடாதீர்கள், எத்தனை பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன், கலைமகளின் பெயரைச் சொல்லவில்லை. துறைத்தலைவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளையபெருமாளுக்கு நல்ல கோபம். "ஒரு கோடையே போச்சு. இன்னும் எத்தன கோடைக்கு இந்தக் குளத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கிறது?" என்றார். ஆனால் யாரும் நகையை வைக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். கலைமகள் பின்வரிசையில் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வராமலே போய்விட்டார்.

ஜூன் 14, சனி

திருவிடைமருதூரில் ராஜ்குமார் வீடு. அவன் அம்மா காபி கொடுத்தார், மகனுடைய மேடம் வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் வீட்டில் எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வாசலில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். சரி மேடம் என்றான். நார்வே விஷயத்தையும் சொன்னேன், நான் பதில் போடாமல் இருந்ததை. அதற்கும் சரி மேடம் என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சாலையெல்லாம் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள். லியோவும் பால்காரரும் போயிருக்கிறார்கள்.

மறுபடி ஒரு கோடைக்குச் சோதனை நடத்த அனுமதி வந்துவிட்டது. ராஜ்குமாருக்குச் செய்தி அனுப்பினேன், அவன் வந்தால்தான் செய்வேன் என்று. சாயங்காலம் பதில் வந்தது. வருகிறேன் மேடம், எனக்கும் வேலை வேண்டும். அவ்வளவுதான்.

2026 ஏப்ரல் 9, வியாழன்

இந்த முறை கலைமகள் செத்த மீனை எடுத்துத் தட்டில் வரிசையாக வைக்கிறார். கை பரபரக்கிறதாம், அடக்கிக்கொள்கிறாராம். கூண்டுக்கு ஏழெட்டுப் போய்விட்டன. இளையபெருமாளிடம் சொன்னேன். இவ்வளவு போனாலும் கட்டுப்படியாகும், இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம் என்றார்.

ராஜ்குமார் நன்றாக வேலை பார்க்கிறான். மரியாதையாகப் பேசுகிறான். ஆனால் எண்ணுவதை முழுக்கச் செல்போனில் படமெடுத்து வாராவாரம் எனக்கு அனுப்புகிறான். ஒவ்வொரு மீனாகத் தூக்கி, கேமராவுக்குத் திருப்பிக் காட்டிவிட்டு வாளியில் விடுகிறான். நான் கேட்கவே இல்லை. வேண்டாம் ராஜ்குமார், உன்னை நம்புகிறேன் என்று நேரிலும் சொன்னேன். "இருக்கட்டும் மேடம்" என்றான்.

இன்றும் வந்தது. லியோ சாப்பிடக் கூப்பிட்டார், இதோ வருகிறேன் என்றேன். ஆறாம் கூண்டின் கடைசி மீன் வரை நானும் கூடவே எண்ணினேன்.