விராலடிப்பானுக்கு ஒரு லென்ஸ்

இதை எழுதும்போது என் மடியில் ஒரு லென்ஸ் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான். அதை மேலே தள்ளிவிட்டால் கை நடுங்கினாலும் படம் நடுங்காது. வாங்கியதிலிருந்து நூறு தடவையாவது தள்ளிப் பார்த்திருப்பேன். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியின் மயிரைக்கூட எண்ணிவிடலாம். உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது?

நம் பழைய லென்ஸை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? திருபுவனைக் கம்பெனியில் நம் இருவருக்கும் லீவு கிடைத்த அன்று, பாண்டியில் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இருநூற்றைம்பது எம்.எம்., நடுக்கம் தாங்குவது. முந்நூறு எம்.எம்., தாங்காதது, ஆனால் விலை சல்லிசு. நீ யோசிக்கவே இல்லை. "அம்பது கூட இருக்குதுடி, அத்த ஏன் வுடணும்" என்று முந்நூறைத் தூக்கிக்கொண்டாய். கடை வாசலில் கொளுத்தும் வெயிலில் நின்று எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையை எடுத்துப் பார்த்தோம். எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது.

பாகூர் ஏரிக்கரையில்தான் அதன் குணம் தெரிந்தது. விடியலில் எடுத்த கொக்கெல்லாம் பஞ்சுமிட்டாயாக வந்தன. ஆடாமல் இருக்கட்டும் என்று கேமராவை உன் ஸ்கூட்டி சீட்டில் வைத்து எடுத்தோம். இன்னும் மோசம். அந்த லென்ஸை நாம் திட்டாத திட்டு இல்லை.

அப்படி ஒரு ஞாயிறு, நான் டீ வாங்கப் போய்த் திரும்புவதற்குள் நீ அதைப் பார்த்துவிட்டாய். வெள்ளை வயிறு, கண்ணோரம் பட்டையாக மை, தண்ணீரில் காலை விட்டு மீனை அள்ளிக்கொண்டு போனதாம். விராலடிப்பான், பனிக்காலத்தில் மட்டும் வருகிற மீன்பிடிப் பருந்து என்று குதித்தாய். படத்திலோ ஒரு மங்கல்தான் இருந்தது. பறவை பார்ப்பவர்களின் கூட்டத்தில் அதைக் காட்டினாய். செம்பருந்தாக இருக்கும் என்றார் ஒருவர். காக்காயாகக்கூட இருக்கலாம் என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். திரும்பி வரும்போது, "நீயாவது நம்புறியாடி?" என்று கேட்டாய். படம் தெளிவாக இருந்தால் நம்பலாம் என்றேன்.

அடுத்த பனிக்காலம் வருவதற்குள் நாலு நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் ஸ்கூட்டியை உன் வீட்டுக்காரர் என்னிடமே கொடுத்துவிட்டார்.

போன வாரம் அதே கடைக்குப் போனேன். நம் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த கடைக்காரர், எதன்மேல் வைத்து எடுத்தீர்கள் என்றார். ஸ்கூட்டி சீட்டில் என்றேன். "வண்டி ஆஃப்லதானம்மா இருந்துச்சு?" என்றார். கடை என்றும் பார்க்காமல் விழுந்து விழுந்து சிரித்தேன். அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று ஏரிக்கரையில் ஒரு நாளாவது அந்த வண்டியை அணைத்திருக்கிறோமா? கடகடவென்று ஓடுகிற இன்ஜின்மேல் கேமராவை வைத்துவிட்டு, பாவம், லென்ஸைத் திட்டியிருக்கிறோம்.

அறுநூறு எம்.எம். ஒன்றைக் கையில் கொடுத்தார். ஆசைக்குத் தூக்கிப் பார்த்தேன். விலையைக் கேட்டதும் மெதுவாகக் கீழே வைத்தேன். கடைசியில், யாரோ கொஞ்ச நாள் வைத்திருந்து விற்ற ஓர் இருநூற்றைம்பது. கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜூம் வளையத்தைத் திருப்பித் திருப்பிக் கடைக்காரரைக் கடுப்பேற்றினேன். அம்பது குறைவுதான். அதற்கு நான் கரையில் கொஞ்சம் கூட நடந்துகொள்கிறேன்.

இன்று காலை ஏரிக்கரையில் வண்டியை அணைத்தேன். நீ இருந்திருந்தால் அடித்திருப்பாய். வெயில் ஏறும் நேரத்தில் அது வந்தது. வெள்ளை வயிறு, கண்ணோரம் மை. தொப்பென்று விழுந்து எழுந்தபோது காலில் மீன். என் கை வெடவெடத்தது, படம் ஆடவில்லை. பெரிதாக்கினால் மீனின் செதில் தெரிகிறது! கரையில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிறகு வண்டி கிளம்பவே இல்லை. சோரியாங்குப்பம் வரை தள்ளிக்கொண்டு வந்தேன், வழியெல்லாம் சிரித்தபடி.

பறவைக்காரர்களுக்குப் படத்தை அனுப்பி, முதலில் பார்த்தவர் என்று உன் பெயரை எழுதினேன். அன்று சிரித்தவர்கள், அவள் சொன்னது சரிதான் என்று பதில் போட்டார்கள். அவர்களுக்குப் படம் வேண்டியிருந்தது, சரி. உன்னை நம்புவதற்கு எனக்கு எதற்கடி படம்?