ஜெஸ்டின் வந்து கூப்பிட்டால்

மணப்பாடு
8.10.2024

அன்புத் தம்பி ரெக்ஸுக்கு,

மாதா துணை. இங்கன எல்லாரும் சுகம்னு எழுதத்தான் கை வருது. ஆனா அம்மா சுகமில்ல.

இனிமே வாட்ஸ்அப்புல பேசி அனுப்பாத. போனும் பண்ணாத. தாள்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. கோவிச்சுக்காதலே. நேத்து நீ பேசி அனுப்புனத அடுப்படியில வச்சுக் கேட்டேன். "சாப்பிட்டீங்களாம்மா, சீக்கிரம் வந்துருவேன்"னு நீ சொல்லி முடிக்கல, அம்மா எந்திரிச்சு, "வாரேன்லே ஜெஸ்டின்"னு கடற்கரைக்கு நடந்துட்டா. இடுப்பளவு தண்ணியில நின்னவள பக்கத்து வீட்டு முத்துமணி அண்ணாச்சிதான் இழுத்துட்டு வந்தாரு.

உனக்கும் சின்னவன் ஜெஸ்டினுக்கும் ஒரே குரல்னு ஊரே சொல்லும். கடல்ல படகோட முங்கிப் போயி ஆறு வருஷமா உடம்புகூடக் கிடைக்காத பிள்ள, இப்ப உன் வாயால கூப்பிடுதான்.

நான் ஸ்கூலுக்குப் போயிட்டா அவள யாரு பாப்பா? நல்ல முதியோர் ஹோமா ஒண்ணு பாக்கணும்.

உன் அக்கா
பிலோமி

ஷார்ஜா
15.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவ ஹோம்ல விடவா நான் இங்கன வெயில்ல காயுதேன்? சரி, கூட இருக்கது நீ. நீ சொன்னா சரிதான்.

தூத்துக்குடியில ஒண்ணு நெட்ல பாத்தேன். டாக்டர், லிஃப்ட், கடலைப் பாத்த ரூம். அம்மா கடல் இல்லாம ஒரு நாளும் இருந்ததில்லையே.

ஒண்ணு மட்டும் கேக்கேன். உயிரோட இருக்கவன் வாயப் பொத்துதியே, இது நியாயமா?

தம்பி
ரெக்ஸ்

மணப்பாடு
3.11.2024

அன்புத் தம்பிக்கு,

கடலைப் பாத்த ரூமா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?

சாத்தான்குளம் பக்கம் கன்னியாஸ்திரிங்க நடத்துற முதியோர் இல்லம் ஒண்ணு பாத்துட்டு வந்தேன். சுத்திப் பனை, செம்மண். கடல் சத்தமே கிடையாது. கேட்ல ஆள் உண்டு. எனக்குப் பிடிச்சிருக்கு. அம்மாட்ட சொன்னா, "ஜெஸ்டின் வந்து கூப்பிட்டாப் போறேன். அவன் வார நேரம் வீடு பூட்டிக் கிடக்கப்படாது"ங்கா.

இத எப்படி எழுதன்னு தெரியல. நேத்து கல்லறைத் திருநாள். ஜெஸ்டினுக்கு மெழுகுதிரி ஏத்தக் கல்லறை இல்ல. செத்துட்டான்னு ஆத்தும பூசை வைக்கவும் அம்மா இதுவரை விட்டதில்ல. இந்த வருஷம் அவளே போயி, கோயில் வேலை பாக்குற கோயில்பிள்ளைட்ட பூசைக்குப் பேர் குடுத்திருக்கா. ஒருவழியா மனசு தேறிட்டாளேன்னு சந்தோஷப்பட்டேன். பூசையில சாமியார் வாசிக்காரு: "மரித்த ரெக்ஸின் ஆன்மா இளைப்பாற."

கோயிலே திரும்பி என்னப் பாத்துச்சு. தனராஜ் மாமா, "ஏளா, ரெக்ஸுக்கு என்னளா ஆச்சு? சொல்லவே இல்லியே"ன்னு அழுதுட்டாரு. அம்மா முக்காட்ட இழுத்துவிட்டு உனக்காக செபிச்சுக்கிட்டு இருந்தா. வீட்டுக்கு வந்து கேட்டேன். "பெரியவன கடல் கொண்டுபோயிட்டு. சின்னவன் வெளிநாட்டுல இருக்கான். சீக்கிரம் வாரேன்னு சொன்னாம்லா"ங்கா.

தம்பி, லீவு போட்டு வா. ஜெஸ்டினா நின்னு ஒரு வார்த்த கூப்பிடு. உன் கையப் பிடிச்சுக்கிட்டு வந்துருவா.

பிலோமி

ஷார்ஜா
9.11.2024

அக்கா,

மாட்டேன். பெத்தவளே எனக்குப் பூசை வச்சிட்டா, அதுக்கு நானும் வந்து ஆமான்னு தலையாட்டணுமா? அவன் செத்ததுக்கு நான் ஏன் சாகணும்?

நேத்து ரூம்ல யாரும் இல்லாத நேரம் என் பேர நானே சத்தமாச் சொல்லிப் பாத்தேன். அவன் என்னக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. பயந்துபோயி வெளிய வந்துட்டேன்.

ரெக்ஸ்

மணப்பாடு
18.11.2024

தம்பிக்கு,

அம்மா மறுபடியும் இறங்கிட்டா. இந்தத் தடவ நெஞ்சளவுக்கு. அண்ணாச்சி ஊர்ல இல்ல. நான்தான் சேலையோட பாஞ்சு பிடிச்சேன். "விடுளா, பிள்ள கூப்பிடுதான்"னு என் கையக் கடிச்சிட்டா.

அடுத்த தடவ நான் ஸ்கூல்ல இருப்பேன். உன்ன இனிமே கெஞ்ச மாட்டேன்.

பிலோமி

ஷார்ஜா
20.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

அக்கா இத உங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுவா. உங்க சின்ன மகன் எழுதுதேன். நான் தண்ணியில இல்லம்மா, கரையிலதான் இருக்கேன். என்னத் தேடிக் கடல்ல இறங்காதீங்க.

அக்கா கூட்டிட்டுப் போற இல்லத்துக்குப் போங்க. இந்த மாசக் கடைசியில லீவு. நேரா அங்கதான் வருவேன், வாசல்ல நின்னு கூப்பிடுவேன். வீடு பூட்டிக் கிடந்தா கிடக்கட்டும்.

ரெக்ஸ் அண்ணனுக்குப் பூசை வச்சீங்களாமே. வருஷா வருஷம் வைங்கம்மா. அவனுக்கு உங்க மேல உசுரு. அவன மறந்துராதீங்க.

உங்கள் மகன்
ஜெஸ்டின்