ஊசி இறங்காத தார்

என் செல்ல அக்கா,

நாம் இரண்டு பேரும் படித்தது மலையாளத்தில். ஆனால் உன்னோடு சண்டை போட்டதும் சிரித்ததும் தமிழில்தான். அதனால் தப்பும் தவறுமாக இதிலேயே எழுதுகிறேன்.

நீ போன பிறகு இரண்டு மழைக்காலம் வந்துபோய்விட்டது. மட்டாஞ்சேரியில் இன்னும் அதே பேச்சு: "அந்தக் குட்டி ஸ்கூட்டர்ல பறந்திருக்கும்." போலீஸ் எழுதியதும் அதுதான், அதிவேகம், கவனக்குறைவு. எதிரே மீன் வண்டி வந்தாலே ஓரமாக நிறுத்திவிடும் நீயா பறந்தாய்? போர்ட் கொச்சி ஹோட்டலில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாய். சாலையில் பெயர்ந்து கிடந்த ஜல்லியில் சக்கரம் வழுக்கியது. பின்னால் பஸ் வந்தது.

"தாரை வேகவைக்கிற உத்யோகம்" என்று நீ கேலி செய்வாயே, சாலைத் தாரைச் சோதிக்கும் அதே லேபில்தான் இருக்கிறேன். தாரைச் சூடான அடுப்பில் சுழலவிட்டுக் காற்று ஊதுவதும், பிறகு இரும்புக் கலத்தில் அழுத்தக் காற்றோடு அடைத்துவைப்பதும் என் வேலை. பல வருஷ வெயிலில் சாலைத் தாருக்கு வரும் முதுமை அதற்கு ஓரிரண்டு நாளிலேயே வந்துவிடும். பிறகு ஊசியை இறக்கிப் பார்ப்போம். எவ்வளவு கிழட்டுத் தாரோ, அவ்வளவு குறைவாக இறங்கும். கிழட்டுத் தார் ஜல்லியைப் பிடித்துவைக்காது.

நீ விழுந்த இடத்துக்குப் போய், பெயர்ந்த துண்டு ஒன்றைப் பையில் போட்டு எடுத்துவந்தேன். கரைத்து, தாரைத் தனியாகப் பிரித்தேன். ஊசி இறங்கவே மாட்டேன் என்றது. லேபிலேயே நல்ல தாரை முதுமையாக்கி அதையும் பார்த்தேன். அதில்கூட இதைவிட ஆழமாக இறங்கியது. போட்டு மூன்று வருஷம்கூட ஆகாத சாலை, அக்கா! போடுவதற்கு முன்பே அளவுக்கு மீறிக் காய்ச்சிக் கருக்கியிருக்க வேண்டும். வேறெப்படி அந்த வயசுக்கு இவ்வளவு முதுமை வரும்?

லேபின் தலைவரிடம் காட்டினேன். அளவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"மோளே, நீ செஞ்சது சரிதான். ஆனா ரோடு போடுற கான்ட்ராக்டருங்க அனுப்பாத சாம்பிளுக்கு ரிப்போர்ட் எழுத முடியாது. நமக்கு வேலை தர்றதே அவங்கதானே?"

அம்மாவிடமாவது சொல்லலாம் என்று வந்தேன். சாயா போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அக்கா மேல தப்பில்ல. ரோடுதான் கெட்டுப்போயிருந்தது."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"நெசமாவா?"

"நானே பார்த்தேன்மா."

"அப்போ எம்புள்ள செத்திருக்கவே வேண்டாம், இல்லியா?"

அதுவரை, "சொன்னா கேக்க மாட்டா" என்று தினமும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் சமைத்தாள், சாப்பிட்டாள், கடைக்குப் போனாள். நான் அதைப் பிடுங்கிவிட்டேன். இப்போது திட்டுவதே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். உன்மேல் பழி இல்லை என்றால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேனே, எனக்கு என்ன தெரியும்?

போன வாரம் அந்தச் சாலைக்கு மேலேயே புதிதாகத் தார் போட்டுவிட்டார்கள். பளபளவென்று இருக்கிறது. நீ விழுந்த இடம் எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. சிறிது நேரம் நின்றேன். ஹாரன் அடித்தார்கள், நகர்ந்துவிட்டேன்.

நான் பார்த்ததை எல்லாம் எழுதி, என் பெயரிலேயே போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். லேபில் யாரும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. இந்த வேலை நிலைக்கும் என்று தோன்றவில்லை. யாராவது விசாரிப்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அக்கா. எந்த வருஷம் விசாரணைக்குக் கூப்பிட்டாலும் போய் நிற்பேன். நீ மெதுவாகத்தான் வந்தாய் என்று சொல்வேன். யாருமே கூப்பிடவில்லை என்றால், கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி