ஆற வைத்த குருணை

ஜூலை 2, வியாழன்

மழை. பட்டறைக் கூரை ஒழுகவில்லை. இன்றைய முதல் நன்றி அதற்கு.

புது வேலையின் மாதிரி ஓடியது. மூச்சிரைப்புக்காரர்கள் மருந்தை ஆவியாக இழுக்கும் கருவிக்கு ஒரு சின்னக் கிண்ணம். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். இருபது வருடமாக வாளி மூடி அடித்தே பிழைத்த எங்களுக்கு இது பெரிய படி. முதல் கிண்ணம் வந்தது, உடம்பெல்லாம் வெள்ளிக் கோடு. விரலால் அழுத்தினேன், பட்டென்று விரிசல்.

வாளி பிளாஸ்டிக் என்றால் மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்டலாம். இந்தக் கிண்ணத்துக்கான பிளாஸ்டிக் குருணை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரம் இருந்தால் கோடு விழும்; நாலு மணி நேரம் ஓவனில் காயவைத்தால்தான் மெஷினுக்கு ஆகும். காயவைப்பது என் தம்பியின் பொறுப்பு.

ஜூலை 6, திங்கள்

மறுபடியும் கோடு. பதினைந்தாம் தேதிக்குள் நல்ல மாதிரி வராவிட்டால் வேறு பட்டறை பார்ப்போம் என்று வேலை கொடுத்த கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 7, செவ்வாய்

எழுதவே கூசுகிறது.

எல்லார் முன்னாலும் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "நாலு மணி நேரம் காயவெச்சியா, இல்ல போனைப் பார்த்துக்கிட்டு ரெண்டு மணி நேரத்துலயே எடுத்துட்டியா?"

"நாலு மணி நேரம் வெச்சேன்க்கா."

"அப்ப இந்தக் கோடு என்ன வானத்துலேருந்தா குதிச்சுது? காயவைக்கக்கூடத் தெரியாதவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது!"

கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பதினாறு வருடம் கூட நின்றவன். எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வாய் இருக்கிறதே, வாய்.

ஜூலை 8, புதன்

அவன் வரவில்லை. நானே காயவைத்தேன், கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நாலரை மணி நேரம்.

கோடு.

அப்படியென்றால் அவன் — வேண்டாம், எழுத மாட்டேன். தெரிகிறது.

ஜூலை 9, வியாழன்

"உங்க சங்கத்துல உதவிக்குன்னு ஒரு போன் நம்பர் இருக்கே, அதைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கறது அழகுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

பிளாஸ்டிக் பட்டறைகளின் சங்கத்தில் நான் பதினோரு வருட உறுப்பினர். அதற்கு 'டீ பிஸ்கட் சங்கம்' என்று பெயர் வைத்தவளும் நான்தான். ஆண்டுக் கூட்டத்துக்குப் போவேன், பிஸ்கட் நமுத்திருக்கிறது என்று குறை சொல்லிவிட்டு வருவேன். "போட்டாலும் எவனும் எடுக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே போட்டேன்.

இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள். ஒரு பெண். எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "நாளைக்குக் காலைல வரேன்மா. எதையும் மாத்தாதீங்க. எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே என் கண்ணு முன்னாடி செய்யுங்க."

ஜூலை 10, வெள்ளி

சங்கத்தின் பரிசோதகராம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தோளில் ஒரு பெட்டி, உள்ளே ஈரமானி. உறுப்பினர் யார் கேட்டாலும் இரவல் தருவார்களாம். எனக்குத் தெரியாது. பிஸ்கட்டைத் தவிர வேறெதைக் கவனித்தேன்?

ஓவனிலிருந்து எடுத்ததும் அளந்தார். "நல்லாக் காஞ்சிருக்கே."

நான் வழக்கம்போலக் குருணையைத் தட்டில் பரப்பி மின்விசிறியைப் போட்டேன்.

"இது எதுக்கும்மா?"

"ஆற வைக்கத்தான். சூடாக் கொட்டினா மெஷின் தொண்டையில ஒட்டிக்குமில்ல? நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கேன்."

அவர் ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளந்து, அளவை என் பக்கம் திருப்பினார். ஈரம் நாலு மடங்கு. தம்பி காயவைத்ததற்கெல்லாம் விசிறி போட்டு மழைக்காற்றை ஊட்டியது நான்.

"சுடச்சுடக் கொட்டிட்டு மூடி வையுங்க. ஒட்டாது." அவர் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குக் கோடி நன்றி.

மறுபடி காயவைத்துச் சுடச்சுடக் கொட்டினோம்; சாயங்காலம் கிண்ணம் தண்ணீர்போல வந்தது. கீழே போட்டு மிதித்தேன், விரியவில்லை. "டேய், இங்க பாருடா!" என்று திரும்பினேன்.

அவன் இடத்தில் கையுறைதான் இருந்தது.

ஜூலை 11, சனி

தம்பி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கிண்ணத்தை நீட்டினேன். "நீ சரியாத்தான் காயவெச்சிருக்கே. ஆற வெச்சுக் கெடுத்தது நான். எல்லார் முன்னாடியும் திட்டினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன். வாடா."

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "அதெல்லாம் ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. ஆற வைக்கச் சொன்னப்ப எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

என்னைத் தேற்றுகிறான்! அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்து அவன் மனைவி, "முதல்ல உங்க அக்காவை உள்ள வந்து உட்காரச் சொல்லுங்க. யாரு முட்டாள்னு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றாள்.

ஜூலை 13, திங்கள்

வந்தான். எல்லாரையும் கூப்பிட்டு வாயைத் திறந்தேன். மெஷினைப் போட்டுவிட்டான், சத்தத்தில் என் பேச்சு அமுங்கிப்போனது. வேண்டுமென்றேதான் செய்தான்.

ஜூலை 15, புதன்

மாதிரி தேறிவிட்டது. வேலை எங்களுக்கே. நன்றி, நன்றி.

ஜூலை 20, திங்கள்

சங்கத்து மாடி நூலகத்தில் 'தப்பு நோட்டு' என்று ஒன்று இருக்கிறது. உதவி பெற்றவர் தான் செய்த தவறை அதில் ஒரு பக்கம் எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒருவர் அச்சைக் குளிர்விக்கும் தண்ணீரைத் திறக்காமலே நாள் முழுக்க ஓட்டியிருக்கிறார். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில், சாய்ந்த கையெழுத்தில்: 'காயவைத்த குருணையை ஆற வைத்துவிட்டேன்.'

யாரோ புண்ணியவான் எனக்காகவே எழுதி வைத்திருக்கிறார். நான் கீழே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

என் பக்கத்தை எழுதினேன். கடைசியில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்: 'இதற்காக வேறொருவனைத் திட்டினேன். அவன் சரியாகத்தான் செய்திருந்தான்.'

ஆகஸ்ட் 5, புதன்

சங்கத்திலிருந்து போன். மூன்று தெரு தள்ளி ஒரு பட்டறையில் வெள்ளிக் கோடாம். பரிசோதகர் ஊரில் இல்லை. ஈரமானியோடு உங்கள் பட்டறையிலிருந்து யாராவது போக முடியுமா என்று கேட்டார்கள்.

எழுந்து போய் மெஷினை நிறுத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், தம்பியும்தான்.

"காயவைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இங்க இருக்கான்" என்றேன் போனில், உரக்க. "அவனை அனுப்பறேன்."