வெறும் வண்டியில் ஒரு பலாப்பழம்

மச்சான்,

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது சிக்னல் திரும்பக் கிடைக்குமே, அந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே சிமெண்ட் மூட்டைகளை இறக்கியாகிவிட்டது. பின்னால் ஒன்றும் இல்லை. பக்கத்து சீட்டில் மட்டும் ஒரு பலாப்பழம், உன்னை மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியை இறக்கியும் வாசனை போகவில்லை. அந்த வாசனைதான் உன்னைக் கொண்டுவந்துவிட்டது. நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே. எட்டாவது வரை போன பெரிய படிப்பாளி நீ, பிழை இருந்தால் திருத்திக்கொள்.

கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் நம் குட்டியானை மினி லாரிகள் வரிசையாக நின்ற காலம் நினைவிருக்கிறதா? யாருக்கு லோடு கிடைத்தாலும் அடுத்தவனுக்குத் தெரியக்கூடாது. "எங்கடா கெளம்பிட்டே?" என்று கேட்டால், "சும்மா, வூட்டாண்ட" என்பான். அரை மணி நேரத்தில் சங்கராபுரம் ரோட்டில் பீரோ, கட்டிலோடு எதிரே வருவான். போகும்போது லோடு, வரும்போது காற்று. டீசல் மட்டும் இரண்டுக்கும் ஒரே மாதிரி குடிக்கும். இப்படியே ஓடினால் வண்டியை விற்றுவிட்டு மறுபடியும் மூட்டை தூக்கத்தான் போகவேண்டும் என்று நான் புலம்பியபோதுதான் நீ அதைச் சொன்னாய்.

"வாட்சப்புல ஒரு குரூப் போட்றலாம்டா. வெறும் வண்டியா வர்றவன், எங்கேர்ந்து எங்கே வர்றான்னு வாயால சொல்லிடணும். அந்தப் பக்கம் லோடு இருந்தா தெரிஞ்சவன் கைகாட்டுவான்."

"இன்னா மச்சான், என் லோடை நானே அவனுக்குக் கைகாட்டணுமா? அப்பிடியே வண்டி சாவியையும் குடுத்துடட்டா?"

"குடு. உன்னைவிட நல்லாத்தான் ஓட்டுவான்."

குரூப்புக்கு 'வெறும் வண்டி' என்றே பெயர் வைத்தாய். என்னை மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் பாதிப்பேர் என்பதால் எழுதக்கூடாது, பேசித்தான் அனுப்பவேண்டும். காலை வணக்கம் கூடாது. சாமி படம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: "லோடை வெச்சிக்கினு வெறும் வண்டின்னு பொய் சொன்னா குரூப்பை விட்டுத் தூக்கிடுவேன்." உன்னைச் சீண்டிப் பார்க்க இரண்டாம் நாளே ஒரு ரோஜாப்பூ படம் போட்டேன். தூக்கிவிட்டாய். உன் வீட்டு வாசலில் வந்து நின்று, "வாத்தியாரே, உள்ளே வர்ட்டுங்களா?" என்று கை கட்டிக் கேட்ட பிறகுதான் சேர்த்தாய். உள்ளேயிருந்து தங்கச்சி, உன் பெண்டாட்டி, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அதை மாற்றியது மலைக்கார பொன்னியக்காதான். அவள் நம்பரை நான்தான் உனக்குக் கொடுத்தேன். வழக்கமாக வருகிற வியாபாரியின் வண்டி வராமல், பறித்த பலாப்பழமெல்லாம் ரோட்டோரம் கிடந்தது. "அண்ணனுங்களா, பழம் பழுத்துப்போச்சி, நாளைக்கு வெடிச்சிடும். கீழ போற வண்டி எதுனா இருக்குதா?" அவள் குரல் வந்தபோது நான் இந்த வளைவைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டியைத் திருப்பி மேலே ஏறினேன். நான் பழத்தை ஏற்றி முடிப்பதற்குள் சின்னசேலத்தில் ஒரு பழக்கடைக்காரரை நீ பிடித்து வைத்திருந்தாய். அவரும் குரூப்பில் சேர்ந்தார். அப்புறம் கூரை ஓடு விற்பவர், சிமெண்ட் கடைக்காரர், மேலே பெட்டிக்கடை வைத்திருப்பவர். வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த பொன்னியக்கா, "கட்டுப்படியாவலன்னா வுட்டுட்டுப் போப்பா, எனக்கு குரூப் இருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஸ்டாண்டில் கிசுகிசுப்பு நின்றது. பஞ்சர் ஆனவனுக்கு ஸ்டெப்னி போனது, பிரசவ வலி வந்தவளுக்கு ரத்தம் கொடுக்க ஆள் போனது.

பிறகு உனக்குக் கிட்னி கெட்டுப்போய், சேலம் ஆஸ்பத்திரியில் படுத்தாய். இனி வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும். ஆம்புலன்ஸ் வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்தாய். "சத்தம் போட்டுக்கினு தெருவுல போயி எறங்கினா, வரும்போதே ஜனம் ஒப்பாரி வெச்சிடும். நான் உக்காந்துக்கினு வூட்டுக்குப் போவணும்." அன்று மதியம் குரூப்பில் உன் குரல் வந்தது, மூச்சு வாங்க வாங்க.

"சேலத்துலேர்ந்து கள்ளக்குறிச்சிக்கு வெறும் வண்டி எதுனா வர்தா? ஒரு லோடு இருக்குது. நான்தான்."

அடுத்த நிமிடத்திலிருந்து போன் ஓயவில்லை. "வெறும் வண்டி." "வெறும் வண்டி, மச்சான்." "ண்ணா, நான் வெறும் வண்டிதான், வந்துக்கினே இருக்கேன்." ஒருவர் விடாமல் சொன்னார்கள். கரும்பு ஏற்றி மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தவன்கூடச் சொன்னான். நீ விடுவாயா? "டேய், பின்னால கரும்பு ஆடற சத்தம் கேக்குதுடா. பொய் சொன்னா இன்னா பண்ணுவேன்னு தெரியுமில்ல?" என்று திட்டினாய். கொஞ்சம் நேரம் கழித்து, "இன்னிக்கி ஒருநாள் வுட்டுட்றேன்" என்றாய்.

உண்மையாகவே வெறும் வண்டியோடு சேலத்தில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். பொன்னியக்காவின் பழங்களை அப்போதுதான் மார்க்கெட்டில் இறக்கியிருந்தேன், நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாய், நடுவில் தங்கச்சி உன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏறியதும் மூக்கை உறிஞ்சினாய். காலடியில் உனக்கென்று பொன்னியக்கா கொடுத்தனுப்பிய ஒரு பழம் இருந்தது.

"வெறும் வண்டின்னு சொன்னே? பழம் இருக்குதே. நீயும் பொய்யாடா?"

"தூக்கிடேன் பாக்கலாம். நடந்தே வூடு போய்ச் சேரு."

ஆத்தூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாய். சின்னசேலத்தில் பழக்கடைக்காரர் ரோட்டுக்கே வந்து கை காட்டினார். உன் தெருவில் நம் வண்டிகள் வரிசையாக நின்றன, ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. யார் தோளையும் பிடிக்காமல் நீயாகவே இறங்கினாய். அந்த மழைக்காலம் முழுக்கப் படுத்தபடியே லோடு பிரித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் போனாய்.

குரூப்பிலிருந்து உன் நம்பரை யாரும் நீக்கவில்லை. தங்கச்சிதான் ரீசார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். சமைக்கும்போது நம் ஆட்களின் குரல் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். அட்மின் நீ ஒருத்தன்தானே? புதிதாக எவன் சேரவேண்டும் என்றாலும் உன் வீட்டுக்குத்தான் போகவேண்டும். டீயைக் கொடுத்துவிட்டு, "பொய் சொல்லுவியாப்பா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்பாள். நேற்று ஒருவன் பயந்து, டீயைக் குடிக்காமலே தலையாட்டினான்.

இதை எழுதும்போதே போனை எடுத்து, "வெள்ளிமலையிலேர்ந்து கள்ளக்குறிச்சி, வெறும் வண்டி" என்று சொல்லி அனுப்பினேன். உடனே திரையில் உன் பெயர் வந்தது. எத்தனை முறை வந்தாலும் ஒரு கணம் நீதான் என்று தோன்றத்தான் செய்கிறது. தங்கச்சியின் குரல்:

"ண்ணா, பக்கத்து சீட்டுல பொன்னியக்கா எனக்குக் குடுத்தனுப்பின பழம் இருக்குமே. பொய் சொன்னா தூக்கிடுவேன்."

கிளம்புகிறேன் மச்சான். பழத்தை உன் வீட்டில் இறக்க வேண்டும்.